சாக்ஸ் பதிவுக்குக் கீழே இருந்த இருநூற்றுப் பன்னிரண்டு பதில்கள்

குளிர்கிடங்குத் தொழிலாளி மரணம் குறித்த விசாரணையில், மருத்துவமனைச் சலவைப் பிரிவில் பணிபுரியும் பெண் தானாக நிலையத்துக்கு வந்து கூறியது. உதவி ஆய்வாளரால் எழுதப்பட்டது. தொடங்கிய நேரம் காலை பத்து இருபது.

என் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி பதிவேட்டில் குறிக்கப்பட்டிருக்கிறது. எனக்கு வயது நாற்பத்தாறு. டயர் கடை இருக்கும் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், இரண்டு அறைகள் உள்ள வாடகை வீட்டில், கணவருடன் வசித்து வருகிறேன். கணவர் லிஃப்ட் மெக்கானிக். பிள்ளைகள் இல்லை. பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். துவைத்து வரும் விரிப்புகளையும் டாக்டர்களின் கோட்டுகளையும் உருளை இயந்திரத்தில் விட்டு இஸ்திரி போடுவது என் வேலை. என் மேல் இதற்கு முன் வழக்கு எதுவும் கிடையாது. வாய் நீளம் என்ற புகார் உண்டு, அது வீட்டையும் வேலை இடத்தையும் தாண்டி வந்ததில்லை. இதையெல்லாம் எழுத வேண்டுமா என்று உதவி ஆய்வாளர் கேட்டார். எழுதுங்கள், இனி சொல்லப்போவது எல்லாம் அந்த வாயால் வந்ததுதான் என்று சொன்னேன்.

இன்று என்னை யாரும் அழைத்து வரவில்லை. பத்து நாட்களுக்கு முன்பு இதே நிலையத்திலிருந்து என்னைப் போனில் விசாரித்தார்கள். இணையத்தில் நான் நீக்கிய ஒரு பின்னூட்டத்தைப் பற்றிக் கேட்டார்கள். பழைய குப்பை என்று நீக்கினேன், அதற்குக் கீழே இருந்த மற்றவர் பதில்களும் சேர்ந்து போகும் என்று தெரியாது, என்ன எழுதியிருந்தது என்று நினைவில்லை என்று மூன்று பதில்கள் சொன்னேன். மூன்றும் பொய். அவற்றை மாற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். இறந்தவர் தன் கவனக்குறைவால் இறந்தார், கதவு பழுது என்று யாரும் சொன்னதே இல்லை என்று கிடங்கு நிர்வாகம் எழுதிக் கொடுத்திருக்கிறது. அவர் சொன்னார். பல முறை சொன்னார். சொன்னதற்கான அத்தாட்சியை அழித்தது நான். அவருடைய மனைவி இந்த அறையில் எனக்கு எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு என் கணவரின் போனில், சாதாரண ஜனங்கள் தங்கள் வேலையைப் பற்றி எழுதும் ஒரு பொதுத் தளத்தைப் பார்த்தேன். பஸ் கண்டக்டர் எழுதுவார், பல் கட்டுபவர் எழுதுவார், பிணவறையில் வேலை செய்பவர்கூட எழுதுவார். அங்கே எழுதுவதைப் பதிவு என்றும், அதற்குக் கீழே படித்தவர்கள் எழுதுவதைப் பின்னூட்டம் என்றும் சொல்வார்கள். பதிவு எழுத எனக்கு வராது. யாராவது ஏதாவது சொன்னால் எதிர்த்துச் சொல்ல நன்றாக வரும். ஆகவே பின்னூட்டம் மட்டும் போட்டு வந்தேன். அங்கே என் பெயர் 'இஸ்திரி'. வயது தெரியாமல் எல்லோரும் இஸ்திரி அக்கா என்றார்கள். தொடங்கிய நாளிலிருந்து இந்த ஆண்டு வரை ஆயிரத்துத் தொள்ளாயிரம் பின்னூட்டங்களுக்கு மேல் போட்டிருந்தேன்.

தளத்தில் 'என் பின்னூட்டங்கள்' என்று ஒரு பக்கம் உண்டு. நாம் போட்டவை எல்லாம் அதில் வரிசையாக வரும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'திருத்து', 'நீக்கு' என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்து உட்காருவது என் வழக்கம். அந்த வாரம் யாரையாவது அதிகமாகத் திட்டியிருந்தால் கொஞ்சம் குறைத்து எழுதுவேன். யாரும் கண்டுகொள்ளாத நகைச்சுவையை நீக்குவேன். "சட்டியக் கழுவுற மாதிரி கமெண்ட்டக் கழுவுறா" என்று என் கணவர் சொல்வார். மூன்று வருடம் இப்படிக் கழுவிக் கழுவி அந்தத் தளத்தின் விதிகள் எனக்குத் தலைகீழ்ப் பாடம். திருத்தினால் பக்கத்தில் 'திருத்தப்பட்டது' என்று தேதியோடு விழும். பதில் வந்துவிட்ட பின்னூட்டத்தை நீக்கினால், 'எழுதியவரால் நீக்கப்பட்டது' என்ற ஒற்றை வரி அந்த இடத்தில் நிற்கும், மற்றவர் பதில்கள் அப்படியே இருக்கும். அந்த ஒற்றை வரிதான் பெரிய தொல்லை. உள்ளதை விட்டுவிட்டாலாவது ஒருவரும் கவனிக்க மாட்டார்கள், நீக்கப்பட்டது என்று பார்த்தால் போதும், அக்கா என்ன சொல்லி அழிச்சாங்க என்று ஊரே கேட்கும். இதிலிருந்து தப்ப ஒரே வழி, பேச்சைத் தொடங்கி வைத்த முதல் பின்னூட்டம் நம்முடையதாக இருந்தால் அதை 'இழையோடு நீக்கு' என்று கொடுப்பது. அப்போது கீழே யார் யார் என்ன எழுதியிருந்தாலும் மொத்தமும் தடமில்லாமல் போய்விடும். ஆகவே, தெரியாது என்று போனில் சொன்னது பச்சைப் பொய்.

அந்தத் தளத்தில் 'ஐஸ்கட்டி' என்ற பெயரில் ஒருவர் எழுதி வந்தார். ஒரு குளிர்கிடங்கில், பூஜ்யத்துக்குப் பதினெட்டு டிகிரி கீழே இருக்கும் அறையில் பெட்டிகளை அடுக்கும் வேலை. அங்கே பேனா எழுதாது, பென்சிலால்தான் கணக்குக் குறிக்க வேண்டும் என்றும், மூக்கு சிந்தினால் வெளியே வந்துதான் சிந்த வேண்டும் என்றும் எழுதுவார். நான் நாள் முழுக்க நெருப்பில் நிற்பவள், அவர் பனியில் நிற்பவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, உள்ளே போகும்போது ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று ஜோடி சாக்ஸ் போடுவதைப் பற்றி ஒரு பதிவு எழுதினார். மொத்தம் பதினோரு பேர் படித்த பதிவு. அதில் நான், "மூணு சாக்ஸ் போட்டா ஷூ எப்படிங்க ஏறும்? காலா, இல்ல தலகாணியா அது?" என்று போட்டேன். அவர், ஷூவே இரண்டு சைஸ் பெரிது என்று பதில் போட்டார். அப்படியே அதற்குக் கீழே பேச்சு வளர்ந்தது.

பழைய பதிவுகளுக்குக் கீழே யாரும் வந்து பார்க்க மாட்டார்கள். ஆகவே அந்தத் தளத்தில் பழக்கமானவர்கள், ஏதாவது ஒரு பழைய பதிவின் அடியைத் தங்களுக்கு என்று வைத்துக்கொண்டு அங்கேயே போய்ப் பேசிக்கொள்வார்கள். எல்லோரும் பார்க்கலாம், ஆனால் ஒருவரும் வருவதில்லை. எங்களுக்கு அந்த சாக்ஸ் பதிவு. தப்பான பேச்சு ஒன்றும் கிடையாது. அவர் மனைவிக்கும் தெரியும், என் கணவருக்கும் தெரியும். இன்று மனைவியே இங்கே அதை உறுதி செய்தார். ஐஸ்கட்டியின் முகத்தை நான் பார்த்ததில்லை, இருப்பது எந்த ஊர் என்றுகூடக் கேட்டுக்கொண்டதில்லை. என் முதல் பின்னூட்டத்துக்குக் கீழே அந்த இரண்டு ஆண்டுகளில் இருநூற்றுப் பன்னிரண்டு பதில்கள் சேர்ந்திருந்தன. நூற்று ஒன்பது அவருடையவை, மீதி என்னுடையவை.

அவர் இறப்பதற்கு ஏறக்குறைய ஐந்து வாரங்களுக்கு முன்பு, அந்த அறையின் கதவைப் பற்றி முதல் முறையாக எழுதினார். கதவு தானாக மூடிக்கொள்ளும். உள்ளே மாட்டிக்கொண்டால் திருகித் திறக்க உள்பக்கம் ஒரு குமிழ் இருக்கும். "குமிழ் சும்மா சுத்துதுக்கா, பிடிக்க மாட்டேங்குது" என்று எழுதினார். சூப்பர்வைசரிடம் சொன்னதாகவும், வாசலில் மரக்கட்டை வைத்துக்கொள் என்று அவர் சொன்னதாகவும் எழுதினார். அதன் பின்னர் இரண்டு தடவை மறுபடி சொல்லியிருக்கிறார். அந்தத் தேதிகளையும் எழுதியிருக்கிறார். இதைத் தனிப் பதிவாகப் போடுங்கள், நாலு பேர் படிக்கட்டும் என்று நான் சொன்னேன். சூப்பர்வைசரும் தளத்தைப் படிப்பார், வேலை போய்விடும், உங்களிடம் சொன்னால் போதும் என்று பதில் போட்டார். இந்த விஷயத்தை அவர் எழுதி வைத்த இடம் அது ஒன்றுதான்.

அதன் பின்னர், ஒரு திங்கட்கிழமை. வேலை முடிந்து வந்து பிளாஸ்கிலிருந்த தேநீரை ஊற்றிக்கொண்டு போனை எடுத்தேன். மாலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு அவர் எழுதியிருந்தார். கட்டை வைத்தால் குளிர் வெளியே போய் எச்சரிக்கை மணி அடிக்கிறது என்பதால் இனி கட்டை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். மறுநாள் காலை முறைக்கு இவர் ஒருவர்தானாம். "நாளைக்கு லீவு போட்டுடலாமான்னு இருக்குக்கா. பயமா இருக்கு" என்று முடித்திருந்தார்.

அன்று எனக்கு உருளை இயந்திரத்தில் முழங்கை பட்டுத் தோல் உரிந்திருந்தது. பக்கத்து மேசைக்காரி சொல்லாமல் லீவு போட்டதால் அவள் வேலையும் என் தலையில். லீவு என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்று ஏறியது. இதை நான் ஒரு சாக்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். ஆறு மணி முப்பத்தைந்துக்கு அவருக்குப் பதில் போட்டேன். அந்தப் பதில் முழுவதும் இதில் சேர்க்கப்பட வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். "ஒரு கதவுக்குப் பயந்து வீட்ல உக்காந்தா அப்புறம் எதுக்கெல்லாம் உக்காருவீங்க? நானெல்லாம் கை வெந்து போயும் நாளைக்கு வேலைக்குப் போறேன். மூணு சாக்ஸ் போட்ட வீரர் பேசுற பேச்சா இது? பேசாம போய்ட்டு வாங்க." ஐந்து நிமிடத்தில் அவர் பதில் வந்தது. "நீங்க சொன்னா சரிதான்க்கா. போறேன்." நான் அதற்கு ஒரு சிரிப்புப் படம் போட்டுவிட்டு எழுந்து பாத்திரம் கழுவப் போனேன்.

'பணிக்குச் செல்லுமாறு ஆறுதலாகக் கூறினேன்' என்று எழுதிக்கொள்ளட்டுமா, பேச்சு மொழியெல்லாம் எதற்கு என்று உதவி ஆய்வாளர் கேட்டார். அவர் நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். நான் ஆறுதல் சொல்லவில்லை சார், நக்கல் பண்ணினேன், நக்கலை நக்கலாகவே எழுதுங்கள் என்று சொன்னேன்.

அதன் பின்னர், செவ்வாய்க்கிழமை அவர் ஒன்றும் எழுதவில்லை. நானும் கவனிக்கவில்லை. புதன்கிழமை காலை, அவசரப் பிரிவிலிருந்து வந்த விரிப்பு மூட்டையைப் பிரித்தேன். நோயாளியின் சொந்தத் துணிகளைத் தனிப் பையில் போட்டு உறவினரிடம் கொடுக்க வேண்டும் என்பது விதி. சில நேரம் அவசரத்தில் விரிப்போடு சேர்த்துச் சுருட்டி அனுப்பிவிடுவார்கள். அன்று ஒரு கம்பளிக்குள் இரண்டு உருண்டைகள் கிடந்தன. கையில் எடுத்துப் பார்த்தபோது அவை சாக்ஸ். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று. காலிலிருந்து மூன்றையும் ஒரே இழுப்பில் கழற்றியிருக்கிறார்கள். இன்னொரு உருண்டையிலும் மூன்று.

மூட்டையில் கட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன். ஆண், வயது நாற்பத்தொன்று, குளிர்கிடங்கு, கொண்டுவரும் முன்பே மரணம் என்று இருந்தது. அவசரப் பிரிவு உதவியாளர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போக நின்றிருந்தார். என்ன ஆச்சு என்று அவரிடம் கேட்டேன். "உள்ள மாட்டிக்கிட்டாராம். அஞ்சு மணி நேரம் யாருமே தேடல" என்று சொன்னார். சாக்ஸ்களைப் பிரிக்காமல் தனிப் பையில் போட்டு, சீட்டு ஒட்டி, கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினேன். அதன் பின்னர் அன்றைக்கு உள்ள நூற்று நாற்பது விரிப்புகளையும் இஸ்திரி போட்டு முடித்தேன். எப்படிப் போட்டேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஒன்றுகூடக் கருகவில்லை.

அன்று மாலை ஐந்தரை மணிக்கு வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் 'என் பின்னூட்டங்கள்' பக்கத்தைத் திறந்தேன். முதலில் திருத்தினேன். 'பேசாம போய்ட்டு வாங்க' என்பதை எடுத்துவிட்டு, 'யோசிச்சு முடிவு பண்ணுங்க' என்று போட்டேன். பக்கத்தில் 'திருத்தப்பட்டது' என்று புதன்கிழமைத் தேதி விழுந்தது. அவர் செவ்வாய்க்கிழமையே போய்விட்டார். உடனே அந்த ஒரு பதிலை மட்டும் நீக்கினேன். அப்போது, மேலே 'பயமா இருக்கு', நடுவில் 'எழுதியவரால் நீக்கப்பட்டது', அதற்குக் கீழே 'நீங்க சொன்னா சரிதான்க்கா. போறேன்' என்று நின்றது. நான் சொன்னதை இருந்தபடியே விட்டிருந்தால்கூட இவ்வளவு பயங்கரமாக இருந்திருக்காது. அதன் பின்னர்தான் மேலே போய், தலகாணி என்று கிண்டல் செய்திருந்த என் முதல் பின்னூட்டத்தில் 'இழையோடு நீக்கு' என்று கொடுத்தேன். 'இதன் கீழுள்ள 212 பதில்களும் நீக்கப்படும், மீட்க முடியாது, சம்மதமா' என்று கேட்டது. கதவைப் பற்றி அவர் எழுதியது முழுக்க அதில்தான் இருக்கிறது என்பது எனக்கு அந்த நேரத்தில் தெரியும். மறந்துபோய்ச் செய்ததாகச் சொல்ல முடியாது. தெரிந்துதான் சம்மதம் என்று அழுத்தினேன்.

கிடங்கு நிர்வாகத்தைச் சேர்ந்த யாராவது என்னைச் சந்தித்தார்களா, ஏதாவது கொடுத்தார்களா, மிரட்டினார்களா என்று உதவி ஆய்வாளர் இப்போது கேட்டதற்கு, இல்லை என்று சொல்கிறேன். அப்படி ஒருவர் வந்திருந்தாலாவது பழியை அவர் தலையில் போட்டிருக்கலாம். எனக்கு என் மானம் பெரிதாகப் பட்டது, அவ்வளவுதான்.

அதன் பின்னர் ஆறு வாரம் நான் அந்தத் தளத்துப் பக்கமே போகவில்லை. இதற்கிடையில் இறந்தவரின் மனைவி, கணவர் இஸ்திரி அக்காவிடம் கதவைப் பற்றி எழுதியிருப்பதாகச் சொன்னதை நினைவில் வைத்து, அவருடைய போனில் தேடிப் பார்த்திருக்கிறார். சாக்ஸ் பதிவு இருந்திருக்கிறது, அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. அவர் புகார் கொடுத்து, நிலையத்திலிருந்து தளத்துக்காரர்களுக்குக் கேட்டு எழுதியதில், நீக்கியவற்றை முப்பது நாட்களுக்கு மேல் வைத்திருப்பதில்லை என்றும், நீக்கியவர் 'இஸ்திரி' என்றும் பதில் வந்திருக்கிறது. அப்படித்தான் பத்து நாட்களுக்கு முன்பு எனக்கு அந்தப் போன் வந்தது.

அன்று மாலை, தளத்திலிருந்து வேறு ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக, கணக்குத் தொடங்கியபோது கொடுத்திருந்த இமெயில் பெட்டியைத் திறந்தேன். அந்தப் பெட்டியை நான் திறப்பதே இல்லை. கடவுச்சொல் மறந்து, வேறு கொடுத்து உள்ளே போனேன். இமெயில் கொடுத்துச் சேர்ந்தவர்களுக்கு, யாராவது பதில் போட்டால் தளம் ஒரு இமெயில் அனுப்புமாம்; ஐஸ்கட்டி போன் எண் மட்டும் கொடுத்துச் சேர்ந்தவர் என்று இன்று அவர் மனைவி சொன்னார். மூன்று வருடத்து இமெயில்கள் அதில் கிடந்தன. அவர் எனக்குப் போட்ட நூற்று ஒன்பது பதில்களும் தேதியோடும் நேரத்தோடும் இருந்தன. குமிழைப் பற்றியது, கட்டையைப் பற்றியது, சூப்பர்வைசரிடம் சொன்ன மூன்று தேதிகள், எல்லாம் இருந்தன. ஆனால் ஒவ்வொரு இமெயிலிலும் மேலே நான் சொன்னது, கீழே அவர் அதற்குச் சொன்ன பதில் என்றுதான் இருக்கும். கடைசி இமெயிலில் மேலே இருந்தது நான் திருத்துவதற்கு முந்தைய வாசகம். வீரர் பேசுற பேச்சா இது என்பது எழுத்துப் பிசகாமல் இருந்தது. அந்த ஒன்றை மட்டும் கொடுக்காமல் மற்றதைக் கொடுக்கலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அவர் பயந்தார் என்பதும், கட்டை வைக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது என்பதும் அதற்கு முந்தைய இமெயிலில்தான் இருக்கின்றன. அதைக் கொடுத்தால், லீவு போட நினைத்தவர் ஏன் போனார் என்று கேட்பார்கள். அதையும் விட்டுவிட்டால், கட்டை இருக்கும்போது வைக்காமல் போனது அவர் தப்புதானே என்று நிர்வாகம் கேட்கும்.

அதன் பின்னர் எட்டு நாட்கள் நான் அதை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். இரண்டு முறை நீக்கு பொத்தான் வரை விரல் போனது. நேற்று மாலை என் கணவர் கருவிப் பையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவரிடம் சொல்லிவிட்டேன். போனை வாங்கி எல்லாவற்றையும் படித்தார். குமிழ் வரும் இடத்தை இரண்டு தடவை படித்தார். "உள்ளேருந்து திறக்க முடியலன்னா அது கதவே இல்ல. நாங்க அப்படி ஒரு லிஃப்ட்ட விட்டுட்டு வந்தா உள்ள தள்ளிடுவாங்க" என்றார். போலீசுக்குப் போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். "உன் வேலை போகும்னா யோசிக்கலாம். போறது உன் மானம்தானே, போகட்டும் விடு" என்று சொல்லிவிட்டுப் பையை மூடினார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் என்னை இப்படிப் பேசியது இல்லை. எனக்குக் கோபம் வரவில்லை.

இன்று காலை சலவைப் பிரிவில் லீவு சொல்லிவிட்டு, எங்கள் தெருவிலிருக்கும் ஜெராக்ஸ் கடையில் நூற்று ஒன்பது இமெயில்களையும் அச்செடுத்துக்கொண்டு வந்தேன். இமெயில் பெட்டியின் கடவுச்சொல்லையும் உதவி ஆய்வாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல், அவரைப் போகச் சொன்னதே நீங்கள்தானே என்று எல்லோர் முன்னாலும் கேட்பார், அதற்குத் தயாரா என்று உதவி ஆய்வாளர் கேட்டார். கேட்கட்டும், ஆமாம் என்று சொல்கிறேன் என்றேன். மரணத்துக்குப் பிறகு குமிழை மாற்றிவிட்டார்கள் என்பதால், பழையது பழுதாக இருந்தது என்பதற்கு இந்தத் தாள்களே சான்று என்றும், ஆகவே நான் கூண்டில் ஏறியே ஆக வேண்டும் என்றும் அவர் சொன்னார். சம்மதித்தேன்.

இதற்குப் பிறகு நடந்ததையும் சேர்த்துக்கொள்ளும்படி நானே கேட்டுக்கொண்டேன். உதவி ஆய்வாளர் தாள்களைச் சரிபார்க்க இறந்தவரின் மனைவியிடம் கொடுத்தார். அவர் ஒரு தையல் கூடத்தில் பொத்தான் வைக்கும் வேலை செய்கிறார். ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். சில இடங்களில் அவர் முகம் லேசாகச் சிரித்தது, கணவரின் கிண்டல் எதையோ படித்திருப்பார். கடைசித் தாள் வந்ததும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடி விழும், குறைந்தது திட்டாவது விழும் என்று காத்திருந்தேன். விழுந்தால் வாங்கிக்கொள்ளத்தான் வந்திருந்தேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. "இது ஆறு நாப்பதுக்கா வந்துச்சு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "ஆறு நாப்பதா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்றார். தாளில் இருப்பது அதுதான், ஆறு மணி நாற்பது நிமிடம் என்று உதவி ஆய்வாளரும் சொன்னார். அதன் பின்னர் அவர் சொன்னது இது. "அன்னைக்கு ஆறு மணி வாக்குல, நாளைக்கு லீவு போடப்போறேன், சாப்பாட்டு டப்பா கட்டாதன்னு சொன்னாரு. இந்த மாசம் ஏற்கெனவே ரெண்டு நாள் போட்டாச்சேன்னு சொல்லி நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். கொஞ்ச நேரம் போன பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் எந்திரிச்சு வந்து, டப்பா கட்டிரு, போறேன்னாரு. நான் மூஞ்சியத் திருப்புனதாலதான் போனாருன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்க்கா. இத்தனை நாளா, யாருகிட்டயும் சொல்லாம."

என் சொல்லை மட்டும் அழித்ததாகத்தான் நான் நினைத்திருந்தேன். அது இருந்த காலி இடத்தில் இந்தப் பெண் தன்னைக் கொண்டுபோய் வைத்து, ஏறக்குறைய எட்டு வாரம் தனியாகத் தண்டித்துக்கொண்டிருந்திருக்கிறார். உங்கள் மேல் ஒன்றும் இல்லை அம்மா, நான்தான் என்று சொன்னேன். எத்தனை முறை சொன்னேன் என்று எண்ணவில்லை. அவர் அந்தக் கடைசித் தாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, இதில் ஒரு நகல் தனக்கு வேண்டும் என்று உதவி ஆய்வாளரிடம் கேட்டார்.

இது முழுவதும் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. உருளை இயந்திரத்தில் பட்டது முழங்கை, முன்கை என்று இருந்ததைத் திருத்தி அந்த இடத்தில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன். வேறு எங்கும் மாற்றச் சொல்லவில்லை. எடுத்துவிடச் சொல்லவும் இல்லை. என் வாயால் நான் சொன்னபடியே இதில் இருக்கிறது, இருப்பது உண்மை.

முடிந்த நேரம் மதியம் ஒன்று ஐந்து. நிலைய நகல் ஒன்று. கேட்டுக்கொண்டபடி, கடைசி இமெயிலின் நகல் ஒன்று இறந்தவரின் மனைவியிடம் கொடுக்கப்பட்டது.

(கையொப்பம்)